நாரி நோவு: அரசாங்க மெடிகேர் காப்புறுதியில் பார்க்கும் கைரோபிராக்டர் சிட்னி வென்ட்வொர்த்வில் பக்கம் இருக்கிறாரா?

கேள்வி
அம்மாவுக்கு 67 வயது. எட்டு மாதமாக நாரி நோவு, அதாவது கீழ் முதுகு வலி. காலையில் கட்டிலை விட்டு எழும்பினால் சுவரைப் பிடித்தபடி ஒரு நிமிடம் அசையாமல் நிற்பார். மேஸ் ஹில் முருகன் கோயிலில் மூன்று சுற்றும் விடாமல் வருகிறவர், போன வெள்ளிக்கிழமை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு முடியவில்லை.

ஜிபி (குடும்ப வைத்தியர்) நாள்பட்ட நோய்க்கான மெடிகேர் சிகிச்சைத் திட்டம் போட்டு, முதுகைக் கையால் அழுத்தித் திருப்பிச் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டருக்குக் கடிதமும் தந்தார். ஒரு கிளினிக்கைக் கேட்டேன். "மெடிகேர் எடுப்போம்" என்றார்கள். போனபின் முழுக் கட்டணத்தையும் வாங்கினார்கள்; ஒரு பகுதிதான் திரும்பி வந்தது. தனியார் காப்புறுதி இல்லை. வாரம் தவறாமல் வரவும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: கிளினிக் வரவேற்பில் வேலை செய்பவர்
தங்கச்சி, மெடிகேர் எடுப்பது வேறு, பல்க் பில்லிங் வேறு. பல்க் பில்லிங் என்றால் கிளினிக் தன் கட்டணத்தை நேரே மெடிகேரிடமே எடுத்துக்கொள்வது. "ஜிபி திட்டத்தில் வருகிறோம், பல்க் பில் செய்வீர்களா, கையிலிருந்து எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று இந்த மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பல்க் பில் செய்தால் அந்தச் சிகிச்சைக்கு மேலதிகமாக ஒரு சதமும் வாங்கக் கூடாது.

அந்தத் திட்டத்தில் மெடிகேர் கொடுப்பது ஒரு காலண்டர் ஆண்டுக்கு ஐந்து முறைதான். பிசியோ, பாத வைத்தியர் எல்லாம் அந்த ஐந்துக்குள்ளேயே அடக்கம். வாரா வாரம் போனால் ஐந்து கிழமையில் தீர்ந்துவிடும். அம்மா இந்த வருடம் பாதத்தைக் காட்டினாரா? அதையும் கழித்துப் பாருங்கள்.

பதில்: முதியோர் இல்லத் தாதி
பணத்துக்கு முன்னால் ஒன்று, பிள்ளை. எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்தீர்களா? இந்த வயதில் எலும்பு மெலிந்திருந்தால் முதுகை வேகமாகத் திருப்பி நெட்டி முறிப்பது ஆபத்து, எலும்பு உடையலாம். முதலில் ஜிபியிடம் கேளுங்கள். கால் மரத்துப்போனாலோ, திடீரென்று சிறுநீர் போகாமலோ அடங்காமலோ இருந்தாலோ எந்தக் கிளினிக்குக்கும் போகாமல் நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

கேட்டவர்
அக்கா, கால் மரக்கவில்லை. அடர்த்திப் பரிசோதனை பற்றி யாரும் சொல்லவேயில்லை. திங்கட்கிழமை ஜிபியிடம் கேட்கிறேன். மார்ச்சில் பாத வைத்தியரிடம் இரண்டு முறை போயிருக்கிறார், கிளினிக்குக்கு ஒரு முறை. மிச்சம் இரண்டுதான். அண்ணா சொன்னபடியே கேட்டு நான்கு இடங்களுக்குப் போன் எடுத்தேன். டூங்காபியில் ஒரு இடம் பல்க் பில் செய்வதாகச் சொன்னது. பரிசோதனை முடிவு வரும்வரை அங்கே நாள் குறிக்கவில்லை.