பழைய டூ-ஸ்ட்ரோக்கா, புது குவாடா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க

நண்பர்களே, ஸ்போர்ட் குவாட் (வேகமா ஓட்டுற நாலு சக்கர ஏடிவி) ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். ஓட்டப்போறது பெரும்பாலும் மணல்மேட்டில். ஒரு பக்கம் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் உள்ள பழைய யமஹா பான்ஷீ, இன்னொரு பக்கம் அதே யமஹாவோட புது ஃபோர்-ஸ்ட்ரோக் ஒய்எஃப்இசட்450ஆர்.

மனசு என்னவோ பான்ஷீ மேலதான். 347 சிசி, ரெட்டை சிலிண்டர். பவர்பேண்டுக்குள்ள (இன்ஜின் முழு சக்தி தர்ற ஆர்பிஎம்) ஏறினதும் வண்டி பிடுங்கிட்டுப் போகும் பாருங்க, அது ஃபோர்-ஸ்ட்ரோக்ல வராது. ஆனா அமெரிக்காவுல அது 2006 மாடலோட நின்னுபோச்சு, வயசான வண்டி.

பார்த்த வண்டியோட ஓனர், டாப் எண்ட் (பிஸ்டன், ரிங், சிலிண்டர் பகுதி) இப்பதான் செஞ்சதுன்னார். பில் கேட்டா பேச்சை மாத்தறார். நான் போறதுக்கு முன்னாடியே இன்ஜினை சூடாக்கி வச்சிருந்தார், ஆறின இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுன்னு பார்க்க முடியலை, அதுவும் உறுத்துது. த்ராட்டிலை விட்டதும் ஆர்பிஎம் உடனே இறங்காம கொஞ்சம் தொங்குது. எங்கேயோ காத்து உள்ள போகுதுன்னு நினைக்கிறேன். கிராங்க் சீல் (கிராங்க் ஷாஃப்ட் ஓரத்துல காத்து புகாம அடைக்கிற சீல்) போயிருந்தா, லீனா, அதாவது காத்து கூடி பெட்ரோல் குறைஞ்சு ஓடி, பிஸ்டன் பிடிச்சிடுமே?

புதுசுன்னா ஃபியூவல் இன்ஜெக்ஷன், பட்டன் ஸ்டார்ட், ஆயில் கலக்குற வேலையும் இல்லை. ஆனா வால்வு, கேம்னு ஏதாவது போச்சுன்னா செலவு பழுத்துடும். டூ-ஸ்ட்ரோக் பிஸ்டன், ரிங்குன்னா நானே மாத்திடுவேன்.

ரெண்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் எவ்வளவு வித்தியாசம் வரைக்கும் பரவாயில்லை? வாங்குறதுக்கு முன்னாடி லீக்-டவுன் டெஸ்ட் (இன்ஜினுக்குள்ள காத்து அடைச்சு கசிவு பார்க்குறது) கேட்கலாமா? ஃப்ரேம்ல விரிசல் எங்கெங்க பார்க்கணும்? பான்ஷீ வச்சிருக்கவங்க கொஞ்சம் சொல்லுங்களேன்.