ஸ்டார் ட்ரெக் தொடர்களில் மிக மோசமான அத்தியாயம் எது?

தலவாக்கலை வாசகி:

உறவுகளுக்கு வணக்கம். வருகிற போயா விடுமுறையன்று நாங்கள் சிலர் சித்தப்பா வீட்டில் கூடி, விண்கப்பலில் பயணிப்போரின் கதையைச் சொல்லும் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் நல்ல அத்தியாயங்களை விட்டுவிட்டு, மிக மோசமானவற்றை மட்டும் தேடிப்பிடித்துப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். நல்லவை எவை என்பதில் எங்களுக்குள் பெரிய தகராறு இல்லை. மோசமானவை என்று பேச்சு வந்தவுடன்தான் ஆளுக்கொரு பெயரைச் சொல்லிக் குரலை உயர்த்துகிறார்கள். அன்று பின்னேரம் மூன்று அத்தியாயங்களுக்குத்தான் நேரம் கிடைக்கும். ஆகவே 1966இல் தொடங்கிய மூலத் தொடரிலிருந்து 2005இல் முடிவுற்ற என்டர்பிரைஸ் வரையுள்ளவற்றில் எவற்றைச் சேர்க்கலாம் என்பதைக் காரணத்தோடு எழுதுங்கள். "சகிக்க முடியவில்லை" என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட வேண்டாம்.

பதுளை நண்பன்:

இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது, சகோதரி? மூலத் தொடரின் மூன்றாம் பருவத்தைத் தொடக்கிவைத்த "ஸ்பொக்ஸ் பிரெயின்" இருக்கையில் வேறெதற்கும் அந்தப் பட்டம் போகக் கூடாது. ஒரு பெண் விண்கப்பலுக்குள் வந்து கைக்காப்பில் உள்ள பொத்தானை அழுத்துகிறாள். அனைவரும் மயங்கி விழுகிறார்கள். விழித்துப் பார்த்தால் கப்பலின் அதிகாரியான ஸ்பொக்கின் மூளையைக் காணவில்லை. மூளையில்லாத உடலை டொக்டர் மெக்கோய் ஒரு ரிமோட் கருவியால் நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போகிறார். இறுதியில் சத்திரசிகிச்சையின் நடுவே மெக்கோய்க்குச் செய்முறை மறந்துபோக, மேசையில் கிடக்கும் ஸ்பொக்கே தன் மூளையை எப்படிப் பொருத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார். இத்தனைக்கும் அவருடைய தலைமுடி ஒன்றுகூடக் கலையவில்லை.

ஹட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி சொன்ன அத்தியாயம் அபத்தமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அபத்தத்தையும் மோசத்தையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 1968ஆம் ஆண்டில் அந்தத் தொடர் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். இரண்டாம் பருவத்தோடு நிறுத்தப்படவிருந்த தொடரை ரசிகர்கள் கடிதம் கடிதமாக எழுதிக் காப்பாற்றினார்கள். காப்பாற்றப்பட்ட தொடரையோ அதை ஒளிபரப்பிய என்பிசி நிறுவனம் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது. தொடரை உருவாக்கிய ஜீன் ரொடன்பெரி அன்றாடத் தயாரிப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ள, செலவுப்பணமும் குறைக்கப்பட்டது. லீ குரோனின் என்ற புனைபெயரில் இதை எழுதிய ஜீன் எல். கூன் சாதாரண ஆளும் அல்லர். சுரங்கத் தொழிலாளர்கள் அஞ்சி வேட்டையாடும் விலங்கு, தன் முட்டைகளைக் காக்கும் ஒரு தாய் என்று தெரியவரும் அந்த அருமையான அத்தியாயத்தையும் அவரே எழுதினார். சிரிக்கவைக்கும் அத்தியாயத்தைப் போயா நாளில் பார்த்தால் நட்டம் ஒன்றும் இல்லை.

என் வாக்கு, 1989 ஜூலையில் ஒளிபரப்பான "ஷேட்ஸ் ஒப் கிரே" என்பதற்குத்தான். மூலத் தொடருக்குப் பின் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் இரண்டாம் பருவம் அதோடு முடிந்தது. கப்பலின் துணைத் தலைவரான ரைக்கரின் காலில் ஒரு முள் குத்துகிறது. அவர் படுக்கையில் கிடக்க, டொக்டர் புலாஸ்கி அவருடைய நினைவுகளைத் தூண்டுகிறார். நினைவுகள் என்ற பெயரில் நாம் ஏற்கெனவே பார்த்த காட்சிகளையே வெட்டி ஒட்டிக் காட்டுகிறார்கள். வடித்து முடித்த தேயிலை மண்டியில் மறுபடியும் வெந்நீரை ஊற்றிச் சாயம் இறக்கிய கதைதான். 1988இல் நடந்த எழுத்தாளர் வேலைநிறுத்தத்தால் அந்தப் பருவம் 22 அத்தியாயங்களாகச் சுருங்கியது என்பதும், முன்னைய அத்தியாயங்களில் கூடிப்போன செலவை ஈடுகட்ட வேண்டியிருந்தது என்பதும் எனக்குத் தெரியும். காரணம் இருப்பதால் அதைப் பார்க்கும் அலுப்புக் குறைந்துவிடுமா?

பண்டாரவளை அக்கா:

நீங்கள் இருவரும் சிரிப்பையும் அலுப்பையும் பற்றிப் பேசுகிறீர்கள். பார்க்கும்போது உடம்பு கூசுகிற அத்தியாயத்தை விட்டுவிட்டீர்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷனின் முதற்பருவத்தில், 1987 ஒக்டோபரில் வந்த "கோட் ஒப் ஹொனர்" அது. ஒரு தடுப்பூசியைப் பெறுவதற்காக என்டர்பிரைஸ் என்ற கப்பல் லிகோன் என்ற கோளுக்குப் போகிறது. அந்த மக்கள் அனைவருக்கும் கறுப்பின நடிகர்களையே போட்டு, பெண்ணைக் கடத்திக்கொண்டு போவதையும், உயிர்போகும்வரை பெண்கள் மோதிக்கொள்வதையும் அவர்களுடைய "பண்பாடு" என்று காட்டியிருக்கிறார்கள். கப்பலில் இருப்பவர்களோ அதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கிறவர்களாக வருகிறார்கள். படப்பிடிப்பின் நடுவே இயக்குநர் ரஸ் மேபெரி நீக்கப்பட்டு, மீதியை லெஸ் லாண்டோ முடித்துக்கொடுத்தார். ரைக்கராக நடித்த ஜொனதன் பிரேக்ஸே பிற்காலத்தில் இதை இனவாத அத்தியாயம் என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

இது ஏன் எனக்கு இவ்வளவு உறைக்கிறது என்றால், நாடகங்களில் நம்மவர்கள் வருகிற விதத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். தோட்டத்துப் பெண் என்றால் முதுகில் கூடை, வாயில் வெற்றிலை, வீட்டுக்காரம்மாவுக்கு முன்னால் தலைகுனிவு. தோட்டத்து ஆண் என்றால் சாராயப் போத்தல். லயத்து வீட்டில் படித்துத் தாதியானவளும் கணக்காளரானவனும் அந்தக் கதைகளுக்குள் வருவதே இல்லை. லிகோன் மக்களைப் பார்த்தபோது நம் நாடகங்களை எழுதும் அந்த எழுத்தாளர்களின் கைதான் நினைவுக்கு வந்தது. எதிர்காலத்தில் மனிதர் அனைவரும் சமம் என்று சொல்லிப் பெயரெடுத்த தொடரிலேயே இப்படி நடந்தது என்பதால்தான் இதை முதலிடத்தில் வைக்கிறேன்.

பதுளை நண்பன்:

அக்கா சொல்வது நியாயம். அதை வாதாட எனக்கு மனமில்லை. ஆனால் அதை நண்பர்களோடு கூடியிருந்து சிரித்துப் பார்க்க முடியாது. அதற்கென்றே வொயேஜர் தொடரில் "த்ரெஷோல்ட்" இருக்கிறது. 1996இல் வந்தது. கப்பலோட்டியான டொம் பாரிஸ் வார்ப் 10 என்ற எட்ட முடியாத வேகத்தை எட்டுகிறார். அதன் பின்னர் முடி கொட்டி, நாக்கு விழுந்து, கப்டன் ஜேன்வேயையும் கடத்திக்கொண்டு போய், இருவரும் சேற்றில் கிடக்கும் பல்லி போன்ற பிராணிகளாகிக் குட்டிகளும் போட்டுவிடுகிறார்கள். பரிணாமம் என்றால் என்னவென்று ஓ.எல். விஞ்ஞானம் படித்த பிள்ளைகூட அதைத் திருத்திக்கொடுக்கும். ஒப்பனைக்கு மட்டும் எமி விருது கிடைத்தது; அதில் குறை சொல்ல இடமில்லை.

நுவரெலியா மூடுபனி:

ஒருவரும் "சப் ரோசா"வைச் சொல்லவில்லையே! 1994இல் வந்த அந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் அத்தியாயத்தில் கப்பலின் மருத்துவரான டொக்டர் க்ரஷர் தன் பாட்டியின் இறுதிச் சடங்குக்காக, ஸ்கொட்லாந்தைப் போலவே அமைக்கப்பட்ட ஒரு குடியேற்றத்துக்குப் போய், மெழுகுதிரிக்குள் குடியிருக்கும் ஆவியைக் காதலிக்கிறார். பல்மோரல், டன்சினன் என்று தேயிலைத் தோட்டங்களுக்கு ஸ்கொட்லாந்துப் பெயர் வைத்துப் பழைய துரைமார் இங்கே செய்த வேலையை அவர்கள் வேறொரு கோளில் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பனி மூடிய கல்வீடும் கல்லறையும் வரும்போது எங்கள் வீட்டில் அனைவரும், "இது நம்ம ஊர் பங்களா அல்லவா" என்று கத்திவிட்டார்கள்.

தலவாக்கலை வாசகி:

அனைவருக்கும் நன்றி. "ஸ்பொக்ஸ் பிரெயின்", "த்ரெஷோல்ட்", "சப் ரோசா" ஆகிய மூன்றையும் அன்றைக்கு எடுத்துக்கொள்கிறோம். அக்கா குறிப்பிட்டதை நான் தனியாகப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அதைச் சிரிப்புக் கூட்டத்தில் போடுவது சரியாக இராது. ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும், உங்கள் அத்தியாயத்தைப் பற்றிச் சொன்னவுடன், பழைய காட்சிகளைத்தான் காட்டுவார்கள் என்றால் தான் அந்நேரம் அடுப்படிக்குப் போய் வடை சுடுவதாகச் சித்தப்பா கூறிவிட்டார்.