சர்வீஸ் முடிந்து வந்த வண்டியில் வேப்பம்பூ

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்):
40,000 கிலோமீட்டர் சர்வீஸ், ஐப்பசியில் விட்டேன். வழக்கமாகப் போகும் சென்டர்தான், பெயர் வேண்டாம். செய்த வேலைகளைக் குறிக்கிற ஜாப் கார்டு முழுக்க டிக். ஏசி ஃபில்டர் சுத்தம் செய்ததாகத் தனியாக 350 ரூபாய். மூன்றே நாளில் ஏசியைப் போட்டால் ஈரத்துணி வாடை. அம்மாவுக்கு வீசிங் உண்டு, எப்போதும் முன் சீட்டில்தான் உட்காருவார்.

செம்மண்டலத்தில் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் கிளவ் பாக்ஸை இரண்டு பக்கமும் அமுக்கி இறக்கினார். உள்ளே இருந்த மூடியைக் கழற்றி, ஃபில்டரைக் கொட்டிவிடாமல் மெதுவாகப் படுக்கைவாட்டில் இழுத்தார். அதன்மேல் அரை விரல் உயரத்துக்கு வேப்பம்பூ. காய்ந்து பழுப்பாகி, தொட்டால் பொடியாகிற பூ. எங்கள் வண்டி நிற்பது வாசல் வேப்பமரத்தடியில். அது பூப்பது சித்திரையில். ஐப்பசியில் சுத்தம் செய்த ஃபில்டரில் சித்திரைப் பூ எப்படி இருக்கும்? அந்த மூடியை ஆறு மாதமாக யாரும் தொடவில்லை.

350 ரூபாய் போகட்டும். அந்த ஒரு டிக் பொய் என்றால், அதற்கு மேலே பிரேக், ஸ்டியரிங் என்று இருக்கிற டிக்குகளை எதை வைத்து நம்புவது? உங்கள் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

லாஸ்பேட்டை வாசி:
எனக்கு பிரேக் ஆயிலில் நடந்தது. போன மே மாதம், ஏற்காடு இறக்கம். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்போம். மூன்றாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து வந்தேன், அது என் தப்பு. ஒரு வளைவில் பெடல் காலோடு சேர்ந்து அப்படியே இறங்கியது. சேற்றில் கால் புதைகிற மாதிரி. படபடவென்று நாலைந்து தடவை மிதித்ததில் கொஞ்சம் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கையும் இழுத்து மலைப் பக்கமாக ஓரங்கட்டினேன். யாரும் பேசவில்லை. முக்கால் மணி நேரம் ஆறிய பிறகு பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது.

பாண்டிக்கு வந்து ஆயிலை எடுத்துப் பார்த்தால் காப்பி டிகாக்‌ஷன் நிறம். வண்டி வாங்கி ஐந்து வருடம், ஒரு தடவைகூட மாற்றவில்லை. ஒவ்வொரு சர்வீஸிலும் ‘லெவல் ஓகே’ என்று எழுதியிருக்கிறார்கள். லெவல் சரியாகத்தான் இருந்தது, ஆயில்தான் செத்துப்போயிருந்தது.

பழைய பட்டறை (திருப்பாதிரிப்புலியூர்):
22 வருடம் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவன், அந்த உரிமையில் சொல்கிறேன். கெடிலக்கரை சார், டிக் பொய்தான். ஆனால் பழியை அந்தப் பையன் தலையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் வண்டி குவியும். மணிக்கணக்கு பார்த்து விரட்டுவார்கள். அப்போது முதலில் விடுபடுவது, கையை உள்ளே நுழைத்துக் கழற்ற வேண்டிய, வெளியே தெரியாத வேலை. நானும் ஒரு தடவை பின் சக்கர பிரேக் டிரம்மைத் திறக்காமலே டிக் போட்டேன். ஒரு வாத்தியாரின் வண்டி. இரண்டு மாதத்தில் கரகரவென்ற சத்தத்தோடு வந்தது. கழற்றினால், டிரம்மில் உரசி வண்டியை நிறுத்துகிற லைனிங்கே இல்லை. இரும்போடு இரும்பு உரசி, டிரம்மின் உள்பக்கம் உழவுசால் மாதிரி வரி வரியாக இருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

லாஸ்பேட்டை நண்பரே, கியரும் காரணம், ஆயிலும் காரணம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 என்ற ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்தால் அது 155 டிகிரிக்கு வந்துவிடும். மலை இறக்கத்தில் சூடேறி உள்ளே ஆவியாகும். ஆவியை அமுக்கினால் அமுங்கும், அதனால்தான் பெடல் இறங்கியது. நம் ஊர் கடல் காற்றுக்கு, கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்றிவிடுங்கள். இறக்கத்தில், எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

இன்னொன்று. மாதத்தின் இரண்டாவது வாரம், காலையில் முதல் வண்டியாக விடுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் பேட் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று எண்ணாக எழுதச் சொல்லுங்கள், ‘ஓகே’ என்பதை ஏற்காதீர்கள். ஃபில்டர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள், மாற்றினார்களா இல்லையா என்று தெரிந்துவிடும். முடிந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள்.

நெல்லித்தோப்பு அக்கா:
பக்கத்தில் நிற்க யார் விடுகிறார்கள் அண்ணே? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்து டீ கொடுக்கிறார்கள். நான் எழுந்து போனால் “மேடம், வீட்டில் சார் வரலையா?” என்கிறார்கள். வண்டி என் பெயரில் இருக்கிறது, ஓட்டுவதும் நான்.

என் கதை ஸ்டெப்னி. மரக்காணம் தாண்டி ராத்திரி ஒன்பதரைக்குப் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கினால் அதில் காற்றே இல்லை. வழியில் வந்த ஒரு மீன் வண்டிக்காரர்தான் அதைப் பஞ்சர் கடை வரை கொண்டுபோக உதவினார். கடைப் பெரியவர் டார்ச் அடித்து, டயர் ஓரத்தில் கட்டை விரலை வைத்து அமுக்கினார். வாய் பிளந்த மாதிரி விரிசல். பக்கத்தில் 1116 என்று நாலு எண். 2016-ஆம் வருடம் 11-ஆவது வாரம் செய்த டயர் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எத்தனை சர்வீஸ் பார்த்த வண்டி! ஒருவர்கூட அதைக் குனிந்து பார்க்கவில்லை.

நாணமேடு தம்பி:
ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது என் வண்டி இரண்டு நாள் கதவு உயரத் தண்ணீரில் நின்றது. நான் ஸ்டார்ட் செய்யவில்லை, கட்டி இழுத்துத்தான் போனோம். எஞ்சின் ஆயில் மாற்றினார்கள், சீட்டைக் காயவைத்தார்கள். கியர் ஆயிலைக் கேட்டேன். “அது சீல் போட்ட பெட்டி, தண்ணீர் போகாது” என்றார்கள். மார்ச்சில் ஊங்காரம் ஆரம்பித்தது. வேறு பட்டறையில் டிரெயின் நட்டைக் கழற்றியதும் கெட்டியாகப் பால் டீ மாதிரி வந்தது. கியர் பாக்ஸுக்கு மூச்சு விட ஒரு சின்னக் குழாய் உண்டாம், தண்ணீர் அது வழியாகவும் இறங்குமாம். பேரிங் இரண்டும் போச்சு. பழைய பட்டறை அண்ணே, இதற்கு நேரமின்மை காரணமில்லை. நான் கேட்டேன், தெரிந்துதான் மறுத்தார்கள்.

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம்):
எல்லாருக்கும் நன்றி. பட்டறை அண்ணனின் டிரம் கதையைப் படித்த பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. இன்று காலை அந்த வேப்பம்பூவைத் தினத்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு சென்டருக்குப் போனேன். சூப்பர்வைசர் பிரித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. பின் டிரம்மை என் கண்ணெதிரே கழற்றச் சொன்னேன். கழற்றினார்கள். இடது பக்க லைனிங் ஒரு மில்லிமீட்டர்தான் மிச்சம். ஜாப் கார்டில் அதற்கு நேராகவும் டிக் இருந்தது.

சாமான் நாளை வருகிறது. வண்டியை அங்கேயே விட்டுவிட்டேன். அம்மாவை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.