ரெனசான்ஸ் ஃபேர் பின்னணியில் இளையோர் காதல் நாவல்: களம் ஒட்டவில்லை

கேள்வி: அமெரிக்க ரெனசான்ஸ் ஃபேர் (பழைய ஐரோப்பாவை வேடமிட்டு நடித்துக் காட்டும் விழா) ஒன்றில் வேலைக்கு வரும் 17 வயதுப் பெண், குதிரை ஈட்டிச் சண்டைக் குழுவில் ஒரு பையன். களம் சினிமா செட் மாதிரியே இருக்கிறது. எங்கே இடிக்கிறது?

பதில் 1: முதல்ல காலண்டரைப் பாருங்க. இந்த விழாக்கள் பெரும்பாலும் சனி, ஞாயிறுதான். எட்டு வாரம்னா கையில 16 நாள். தினமும் சந்திக்க வெச்சா கதை அங்கேயே பொய்யாயிடும். நடுவுல வர்ற அஞ்சு நாள் பிரிவுதான் உங்க காதலுக்குத் தீனி.

பதில் 2: பாடிஸுக்கு (நாடாவால் இறுக்கிக் கட்டும், கம்பி வைத்த மேல்சட்டை) உள்ளே லினன் ஷெமீஸ் (தளர்வான உள்ளாடை) கட்டாயம். இல்லாவிட்டால் வியர்வையில் கம்பி விலாவை உரசிப் புண்ணாக்கும். நாடாவைக் கீழிருந்து ஒவ்வொரு துளையாக இறுக்க வேண்டும். அவள் விரல்கள் அதில் தடுமாறட்டும். பார்வையாளர் கொண்டுவரும் வாளை உறையோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், உருவ முடியாது. காட்சிச் சண்டையில் ஈட்டி முனை பெரும்பாலும் பால்சா என்ற மிக லேசான மரம், சுலபமாக நொறுங்கும்.

பதில் 3: பேச்சை விட்டுட்டீங்களே! வாசல் திறந்திருக்கும்வரை வேடமிட்ட ஊழியர்கள் பெரும்பாலும் முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஆங்கிலம் மாதிரி பேசுவாங்க. கூட்டத்துக்கு நடுவுல அவன் அந்த நடையை மறந்து சாதாரணமா அவள் பேரைச் சொல்ற இடம் எது? அதைக் கண்டுபிடிச்சு எழுதுங்க.