புதுப்பிப்பு: 1978-இல் டிசி நிறுத்திய காமிக்ஸ்களின் அச்சேறாத இதழ்கள்

சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமான டிசி காமிக்ஸ், 1978-இல் பக்கங்களைக் கூட்டி விலையை 50 சென்டாக உயர்த்திய சில மாதங்களிலேயே பல தொடர்களை ஒரேயடியாக நிறுத்தியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். வரைந்து முடித்த பக்கங்கள் என்னவாயின என்று பலர் கேட்டிருந்தார்கள்.

பெரும்பகுதி தப்பிவிட்டது. பதிப்புரிமையை உறுதிசெய்துகொள்வதற்காக, அலுவலக ஜெராக்ஸ் இயந்திரத்திலேயே கருப்பு வெள்ளையில் நகலெடுத்து, ‘கேன்சல்ட் காமிக் கேவல்கேட்’ என்ற பெயரில் இரண்டு தொகுதிகளாகக் கட்டி, சுமார் 35 பிரதிகளை மட்டும் படைப்பாளிகள் உள்ளிட்ட சிலருக்குக் கொடுத்தார்கள். கடைக்கு வராத அந்த ஜெராக்ஸ் கட்டைத்தான் சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிறார்கள்.

சில கதைகள் வேறு இதழ்களில் புகுந்து வெளிவந்தன; நிறுத்தப்பட்ட தொடர்களில் ஒன்றான ‘பிளாக் லைட்னிங்’கின் 12-ஆம் இதழுக்கான கதை ‘வேர்ல்ட்ஸ் ஃபைனஸ்ட்’ 260-இல் அச்சானது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது விக்சன் என்ற சூப்பர் ஹீரோயின் விஷயத்தில்தான். டிசியில் ஒரு கருப்பினப் பெண் தனித்தொடரின் நாயகியாகும் முதல் வாய்ப்பு, முதல் இதழ் தயாரான பிறகு பறிபோனது; 1981-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 521-இல், அதுவும் சூப்பர்மேன் கதைக்குள்தான், அவள் வாசகர்களுக்கு அறிமுகமானாள்.