ஜாக் மெக்டஃப் லைவ் பதிவில் டெனர் வாசிக்கும் ரெட் ஹாலோவே: அடுத்து எதைக் கேட்கலாம்?

மஞ்சக்குப்பம் கீபோர்டு:
கடலூரில் ஒரு லைட் மியூசிக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஹேமண்ட் பி-3 என்ற மின்சார ஆர்கனைப் படிக்க வேண்டும் என்றுதான் அமெரிக்க ஜாஸ் ஆர்கன் கலைஞர் ஜாக் மெக்டஃபின் லைவ் ஆல்பத்தைப் போட்டேன். 1963 ஜூனில் நியூ ஜெர்சியின் நெவார்க் நகரில், ஃப்ரன்ட் ரூம் என்ற கிளப்பில் பதிவானது. ஆர்கனுக்காகப் போனவனை டெனர் சாக்ஸ் பிடித்துக்கொண்டது. வாசித்தவர் ரெட் ஹாலோவே.

'ராக் கேண்டி'யைக் கேளுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுகிறார். ஒன்றைச் சொல்லி, அதையே கொஞ்சம் அழுத்திச் சொல்லி, கூட்டம் கத்துவதற்கு இடம் விட்டு, அப்புறம்தான் மேலே ஏறுகிறார். வேகம் இருந்தும் அவசரமே இல்லை. எங்கள் மேடையில் சாக்ஸ் என்றால் பாட்டுக்கு நடுவே வரும் பிட்டோடு சரி. கத்ரி கோபால்நாத் கச்சேரிகளை நிறையக் கேட்டிருக்கிறேன், ஆனால் அது ஆல்டோ சாக்ஸ், வேறு உலகம்.

இந்த ஆல்பத்தைப் பற்றித் தேடினால் எல்லாரும் கிட்டார் வாசித்த ஜார்ஜ் பென்சனைப் பற்றியே பேசுகிறார்கள். அப்போது அவருக்கு 20 வயது, பிறகு பெரிய நட்சத்திரம், புரிகிறது. ஆனால் ஹாலோவேயை ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு மனசு கேட்கவில்லை. அவருடைய வேறு பதிவுகள் எவை? ஆர்கனோடு சேரும்போது சாக்ஸ் ஏன் இப்படி ஒலிக்கிறது?

முத்தியால்பேட்டை ரீட்:
தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் குழுவில் பேஸ் வாசிக்கத் தனி ஆள் கிடையாது. பேஸ் முழுக்க மெக்டஃபின் இடக்கையும் கால் பெடலும்தான். பி-3 சத்தம் லெஸ்லி ஸ்பீக்கரில் சுழன்று வரும்போது அறையே நிறைந்துவிடும். அதற்கு மேலே மென்மையாக ஊதினால் யார் காதிலும் விழாது. திருவிழாக் கூட்டத்தில் ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, நாலு சொல்லில் தெளிவாகக் கூப்பிட வேண்டும். ஹாலோவே செய்வது அதுதான்.

அது அவருக்கு எங்கிருந்து வந்தது? பிறந்தது 1927-இல் ஆர்கன்சாவின் ஹெலெனாவில், வளர்ந்தது சிகாகோவில். டூசேபில் பள்ளியில் இசை ஆசிரியர் வால்டர் டயட்டிடம் படித்தவர். இன்னொரு டெனர் கலைஞர் ஜானி கிரிஃபின் படித்ததும் அங்கேதான். அப்புறம் ப்ளூஸ் பாடகர்களுக்குப் பின்னால் நிறைய வாசித்தார். பாடகர் மூச்சு விடும் இடத்தில் பதில் சொல்லிப் பழகிய கை.

1964-இல் வந்த 'குக்கின் டுகெதர்' வாங்குங்கள். ஹாலோவே பெயரில் வந்தது, கூட வாசிப்பது அதே மெக்டஃப் குழு. 70-களில் இன்னொரு சாக்ஸ் கலைஞர் சானி ஸ்டிட்டோடு ஜோடியாக வாசித்ததையும் விடாதீர்கள். நான் பேண்டில் டெனர் ஊதுகிறவன். தொண்டையிலிருந்து வரும் அந்தக் கரகரப்பை ரீட் (ஊதுவாயில் உள்ள நாணல் பட்டை) மாற்றியெல்லாம் கொண்டுவர முடியாது.

லாஸ்பேட்டை:
ஹரோல்ட் விக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே 1963 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜாஸ் வொர்க்‌ஷாப்பில் மெக்டஃப் செய்த லைவ் பதிவில் ஹாலோவே, விக் இருவருமே டெனர். பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் யார் எப்படி என்று புரியும். ப்ளூ நோட் கம்பெனி வெளியிட்ட விக்கின் ஆல்பம் 'ஸ்டெப்பின் அவுட்', ஜான் பேட்டன் ஆர்கனோடு. விக் 1987-இல் இறந்த பிறகு, டெனர் மேதை சானி ராலின்ஸ் தன் 2000-ஆம் ஆண்டு ஆல்பத்தில் அவர் பெயரிலேயே ஓர் உருப்படி வைத்தார். ராலின்ஸே நினைவில் வைத்திருந்த ஆளை நாம் மறக்கக் கூடாது.

இன்னொன்று. ஆர்கன் குழுக்கள் வாசித்தது பெரும்பாலும் பேட்டை பார்களில். ஜனங்கள் காலாட்டிக் கேட்ட இசை என்பதாலேயே அந்தக் கால விமர்சகர்கள் பலர் அதைக் குறைவாக எடைபோட்டார்கள். ஹாலோவே போன்றவர்கள் அடிபட்டது அதனால்தான். பென்சன் மேல் பழி இல்லை.

மஞ்சக்குப்பம் கீபோர்டு:
இரண்டு பேருக்கும் நன்றி. அண்ணா, இடக்கை பேஸ் விஷயத்தைப் படித்ததும் கீபோர்டை இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதியில் பேஸ் வைத்து வாசித்துப் பார்த்தேன். வலக்கை சோலோவுக்குப் போனதும் இடக்கை தடுமாறுகிறது, ஆனால் விடப்போவதில்லை. ஜூன் 21 இசை நாளுக்குப் பாண்டியில் தெருவிலேயே வாசிக்க இடம் கிடைக்கும் இல்லையா? டிரம்ஸுக்கு எங்கள் குழுப் பையன் வருவான், கிட்டாருக்கும் ஆள் பிடித்துவிடுவேன். டெனரோடு நீங்கள் வருவீர்களா?

முத்தியால்பேட்டை ரீட்:
வருகிறேன். முதலில் மெதுவான ப்ளூஸ் ஒன்று, எஃப் ஸ்கேலில் தயார் செய். 'ராக் கேண்டி' அப்புறம்.