எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றால் தொய்வும் (ஆஸ்துமா) இல்லையா?

மாங்குளம் தாய்:
“எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆகவே பிள்ளைக்குத் தொய்வு இல்லை, பம்பை (மூச்சோடு உள்ளிழுக்கும் மருந்தை) நிறுத்துங்கள்” என்று நேற்று நெடுங்கேணியான் எழுதியதை வாசித்த பிறகு எனக்கு நித்திரையே வரவில்லை. தொய்வுப் பிள்ளைக்கு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது! மூச்சுக்குழாய் சுருங்குவது படத்தில் விழாது. என் மகனுக்கு 7 வயது. அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசு பட்டால் அன்றிரவே தொண்டைக்குழி உள்ளே இழுபடும். அவனுடைய எக்ஸ்ரேயிலும் ஒன்றுமில்லை. ஊதும் பரிசோதனையில்தான் பிடிபட்டது. மூக்கில் கிளிப் போட்டு, குழாயை உதடுகளால் இறுக்கிப் பிடித்து, முகம் சிவக்க ஊதினான். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடியும் ஊதினான். முதல் செக்கனில் வெளிவரும் காற்று 12 வீதத்துக்கு மேல் கூடியிருந்தது. சுருங்கியிருந்த குழாய் மருந்துக்கு விரிந்ததால்தான் தொய்வு என்றார்கள்.

நெடுங்கேணியான்:
நிறுத்தச் சொல்லவில்லை, யோசிக்கச் சொன்னேன். என் அக்காவின் மகளுக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. இரண்டு வருடமாக இழுப்பும் இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

மாங்குளம் தாய்:
“நிறுத்துங்கள்” என்றுதான் எழுதினீர்கள். எழுதியதை இப்போது மாற்றாதீர்கள். வளர வளர இழுப்பு விட்டுப்போகும் பிள்ளைகள் உண்டு. அதற்கும் எக்ஸ்ரேக்கும் என்ன சம்பந்தம்?

பரந்தன் வாசி:
அப்படியானால் எக்ஸ்ரே வீண் வேலையா? என் மருமகனுக்கு 3 வயதில், முறிகண்டியில் வாங்கிய கச்சான் (நிலக்கடலை) மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. எல்லோரும் தொய்வு என்றார்கள். கச்சான் படத்தில் தெரியவில்லை. ஆனால் மூச்சை வெளியே விடும்போது எடுத்த எக்ஸ்ரேயில் ஒரு பக்க நுரையீரல் மட்டும் காற்று வெளியேறாமல் உப்பியிருந்தது. 3 வயதுப் பிள்ளையை ஊத வைப்பீர்களா?

மாங்குளம் தாய்:
எக்ஸ்ரே வேண்டாம் என்று எங்கே எழுதினேன்? கச்சானுக்கும் நியூமோனியாவுக்கும் காசநோய்க்கும் அது வேண்டும். 5 வயதுக்குக் கீழே ஊதுவது பெரும்பாலும் சரிவராது, உண்மை. ஆனால் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்பதை வைத்துத் தொய்வு இல்லை என்று சொல்ல முடியாது. முடியாது!

ஸ்காபரோ தம்பி:
ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே அக்கா.

மாங்குளம் தாய்:
தம்பி, எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர்வீச்சு அதில். மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து சிதைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் எடுப்பார்கள். இழுப்பு வந்த ஒவ்வொரு பிள்ளைக்குமா எடுப்பது? பனி நாட்டில் இருந்துகொண்டு எங்கள் பிள்ளைகளுக்குப் பரிசோதனை எழுதாதீர்கள்.

ஸ்காபரோ தம்பி:
நானும் புதுக்குடியிருப்பில் பிறந்தவன்தான். ஊரைப் பற்றிப் பேச உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா?

நெடுங்கேணியான்:
குழாய்க்கிணற்று விடயத்திலும் இப்படித்தான், மற்றவர்களைப் பேச விடாமல் நீங்களே பேசினீர்கள். ஊதும் பரிசோதனைக்காக நான் ஒரு நாள் கூலியை விட்டு, விடியற்காலை பஸ் ஏற வேண்டும். அது உங்களுக்கு விளங்காது.

மாங்குளம் தாய்:
நானும் அதே இருட்டில்தான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கிணற்றுக் கதையை இங்கே இழுக்காதீர்கள். பம்பை நிறுத்தச் சொன்னீர்களா, இல்லையா?

நெடுங்கேணியான்:
அக்கா மகளின் எக்ஸ்ரே படத்தை நாளை போடுகிறேன். ஒன்றுமில்லை என்பதை எல்லோரும் பார்க்கட்டும்.

மாங்குளம் தாய்:
போடுங்கள். ஒன்றும் இருக்காது என்றுதானே நானும் சொல்கிறேன்!

பரந்தன் வாசி:
கச்சானுக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.